இரண்டு வாளிப் பாலைவனம்

என் அண்ணன் பீம்ராவ் எண்ணூரில் ஓர் ஒற்றை அறை வீட்டுக்குள் பாலைவனம் செய்து வைத்திருந்தான். டீப்பாய் அளவுக்கு ஒரு பிளைவுட் பலகை. அதன்மேல் மணல் மேடுகள், முள்கம்பிச் சுருள், பாதி புதைந்த எண்ணெய் பீப்பாய்கள். செயின் அறுந்து நின்றுபோன ஒரு டாங்கி. கொஞ்சம் தள்ளி, எரிந்து கறுத்த இன்னொரு டாங்கி. நிற்கிற டாங்கியின் நிழலில் நான்கு சிப்பாய்கள். ஒவ்வொருவரும் சுண்டுவிரல் உயரம்தான்.

அது இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஆப்பிரிக்கப் பாலைவனம். நம் நாட்டுச் சிப்பாய்கள் அங்கே போய்ச் சண்டை போட்டதைப் போனில் வந்த ஒரு பழைய படத்தைப் பார்த்துத்தான் அவன் தெரிந்துகொண்டான். எனக்கும் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டான். "நம்மாளுங்க மதி. எம்மாந்தூரம் போயி மண்ணுல குந்திகினு கீறாங்க பாரு."

நாங்கள் வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவர்கள். அண்ணன் பத்தாவதோடு நின்றுவிட்டு என்னைப் படிக்க வைத்தான். நான் கெமிஸ்ட்ரி முடித்து ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அவனுக்குக் கல்யாணம் ஆனது. வேலைக்குப் பக்கம் என்று எண்ணூருக்குக் குடிபோனான். திருவொற்றியூரைத் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில் அவன் பெயிண்டர். கடல் தண்ணீரில் அடிபட்டு வரும் இரும்புப் பெட்டிகளின் துருவைச் சுரண்டி, கிரைண்டர் பிடித்து, ஸ்ப்ரே அடித்துப் புதிதுபோல ஆக்க வேண்டும். பகலெல்லாம் துருவை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து டாங்கிமேல் துரு வைப்பான். எந்த இடத்தில் முதலில் துரு பிடிக்கும், மழைத் தண்ணீர் எப்படி வழிந்து கோடு போடும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். நெயில் பாலிஷ் பிரஷ்ஷால் அந்தக் கோட்டைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பான்.

முதல் டாங்கி அவனுக்கு யார்டிலேயே கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து வந்த காலிக் கன்டெய்னரைக் கூட்டும்போது மூலையில் ஒரு நசுங்கிய அட்டைப்பெட்டி. மூடியில் டாங்கி படம், உள்ளே ஒட்டிச் சேர்க்க வேண்டிய பிளாஸ்டிக் துண்டுகள். சூப்பர்வைசரிடம் காட்டினான். "குப்பதானே, எடுத்துக்கினு போ," என்றார். இரண்டாவதை போனஸ் வந்தபோது ஆன்லைனில் வாங்கினான். அண்ணி செங்கொடி ஒன்றும் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி.

"புள்ள இல்லாத வூட்ல பொம்மைக்கு இன்னா கொறச்சல்," என்றாளாம் குழாயடியில்.

"எங்க வூட்டு பொம்ம அழுவாது, ஆய் போவாது, பீஸு கட்ட சொல்லாது. உனுக்கு இன்னாமா வயிறு எரியுது?" என்று கேட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாளாம் அண்ணி. என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தப் பேச்சு அவளுக்கு வலிக்காமல் இல்லை. ஆனால் சிரிப்பாள்.

அண்ணி பிளவுஸ் தைப்பவள். தையல் மெஷினும் அண்ணனின் பலகையும் அந்த அறையில் எதிரெதிரே இருந்தன. டாங்கிக்கு மேல் மடித்துப் போட்டிருந்த தார்ப்பாய், அவள் கொடுத்த லைனிங் துணி. டீ குடிக்கிற சிப்பாயும் அவள் யோசனைதான். "நாலு பேரும் துப்பாக்கியே புடிச்சிகினு கீறானுங்க. ஒருத்தனாச்சும் டீ குடிக்க வேணாமாய்யா?" என்றாள். அண்ணன் பிளேடை எடுத்து ஒரு சிப்பாயின் கையிலிருந்த துப்பாக்கியை வெட்டிவிட்டு, மிளகு அளவில் ஒரு டம்ளர் செய்து பொருத்தினான்.

தகராறு மணலில்தான் வந்தது. கடற்கரை கூப்பிடு தூரம். ஒரு பை நிறைய அள்ளி வந்து ஃபெவிகால் தடவிக் கொட்டினான். அண்ணி எட்டிப் பார்த்தாள்.

"இது பாலைவனமா? ஜல்லி லோடு எறக்கினாமாதிரி கீது."

உண்மைதான். ஆள் சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கும்போது, சாதாரண மணல் அவன் காலடியில் கூழாங்கல் ஆகிவிடுகிறது. அதோடு கடல் மணலில் இருந்த உப்பு ஈரத்தை இழுத்துப் பலகையெல்லாம் வெள்ளையாகப் பூத்தது. மொத்தத்தையும் சுரண்டி எறிந்தான். மைதா மாதிரி, அதைவிட மெல்லிய ஒன்று வேண்டும் என்று தேடினான். தேடத் தேவையே இல்லை. எண்ணூர்ப் பக்கத்தில் அது கூரைமேல் இருக்கிறது, கொடியில் காயும் துணியில் இருக்கிறது, மூடி வைக்காத சோற்றில் இருக்கிறது. அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரித்த சாம்பல். அண்ணன் வீட்டு வாசலிலேயே குவியலாகக் கிடந்தது. பெயிண்ட் வாளியில் இரண்டு வாளி அள்ளி வந்தான்.

சாம்பலை மணல் நிறமாக்க மஞ்சள் பொடியும் காவிப் பொடியும் கலந்தான். கலப்பதற்கு முன்னால் சலிக்க வேண்டும். லைனிங் துணியை வாளியின் வாயில் கட்டி, மேலே சாம்பலைப் போட்டுக் கையால் தேய்த்துத் தேய்த்துச் சலித்தான். காற்றடித்தால் பறக்கும் என்று ஃபேனை நிறுத்திவிட்டு ஜன்னலையும் சாத்தினான். ஒரு மழைக்காலம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வேலை நடந்தது.

சலிக்கும்போது அண்ணன் மாஸ்க் போட்டிருந்தான். யார்டில் ஸ்ப்ரே அடிப்பதற்குக் கொடுத்தது, இரண்டு கன்னத்திலும் ஃபில்டர் வைத்த ரப்பர் மாஸ்க். பொடியைப் பார்த்தாலே கை மாஸ்க்கைத் தேடும், அது இருபது வருஷத்துப் பழக்கம். எதிரே அண்ணி வெறும் முகத்தோடு தைத்துக்கொண்டிருந்தாள். இருமல் வந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். கொரோனா காலத்தில் கடைகளுக்குத் தைத்துக்கொடுத்து மிச்சமான துணி மாஸ்க் ஒரு மூட்டை, அவள் மெஷினுக்குக் கீழேயே கிடந்தது. அதில் ஒன்றை எடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. எங்கள் ஆட்களுக்கு மாஸ்க் என்பது வேலைக்குப் போகும்போது போடுவது, இல்லாவிட்டால் போலீஸ் பிடிக்கும்போது போடுவது. சொந்த வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு யார் போடுவார்கள்?

அண்ணிக்கு இழுப்பு முன்பே உண்டு. மார்கழியில் வரும், தையில் போகும். அந்த முறை வந்தது போகவில்லை. கோடையிலும் இழுத்தது. நான் கடையிலிருந்து இன்ஹேலர் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மறு மழைக்காலம் தொடங்கியதும் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் எக்ஸ்ரேவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எங்க குடியிருக்கீங்க?" என்று கேட்டார். எண்ணூர் என்றதும் தலையை ஆட்டினார், வேறெதுவும் கேட்கவில்லை. அண்ணி வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.

சில மாதம் கழித்து, எண்ணூரில் இன்னொரு சாம்பல் கிடங்கு வரப்போவதாகவும் அதற்கு மக்களிடம் கருத்துக் கேட்கப்போவதாகவும் நோட்டீஸ் ஒட்டினார்கள். அண்ணியின் தம்பி ஜெயவேல் அங்கே குடியிருப்போர் சங்கத்தில் முன்னால் நிற்பவன். குட்டி யானை ஓட்டுகிறான், சரக்கு ஏற்றி இறக்குகிற சின்ன லாரி. என் வீட்டில் வைத்துத்தான் அண்ணனைப் பிடித்தான்.

"மாமா, நீ பேசணும். அக்கா போட்டோவ கையில புடிச்சிகினு ரெண்டே வார்த்த."

"இன்னா பேசுறது மச்சான்?"

"சாம்பல் எங்க வூட்டுப் பொம்பளய கொன்னுச்சுன்னு சொல்லு. பொய்யா?"

"பொய் இல்ல."

"அப்பறம் இன்னா பேஜாரு உனுக்கு?"

ஜெயவேல் வண்டியை எடுத்துக்கொண்டு போனதும் அண்ணன் என் பக்கம் திரும்பினான். வாளி, துணி, ஜன்னல், மாஸ்க் எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னான். சலித்ததை நான் ஒருபோதும் பார்த்ததில்லை. பாலைவனத்தைப் பார்த்து, நிறம் அப்படியே வந்திருக்கிறது என்று பாராட்டியிருக்கிறேன்.

"நீ கெமிஸ்ட்ரி படிச்சவ. சொல்லு, அது என் வாளியா?"

"ண்ணா, அந்த ஊர்ல அத்தனை பேரும் அந்தக் காத்ததான் இழுக்கிறாங்க. ரெண்டு வாளியால வந்துச்சுன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. தெரியாதுண்ணா."

"தெரியாதுன்றது வேற, இல்லன்றது வேற."

"இல்லைன்னே வெச்சுக்கோ."

"நீ என் தங்கச்சி, அதான் சொல்ற. மாஸ்க்க நான் போட்டுக்கினு இருந்தேன் மதி. கெட்டதுன்னு தெரியாம ஒருத்தன் மாஸ்க் போடுவானா?"

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் அதிகாரிகள், கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஜனம். பேசியவர்கள் எல்லாரும் கத்தினார்கள். அண்ணன் பெயரைக் கூப்பிட்டதும் ஜெயவேல் எழுந்து அண்ணியின் போட்டோவை அவன் கையில் கொடுத்தான். அண்ணன் மைக்கின் முன்னால் போய் நின்று, கத்தாமல் பேசினான்.

"இவங்க என் சம்சாரம் செங்கொடி. மூச்சு வுட முடியாம செத்துட்டாங்க. சாம்பல்தான் சார். ஆனா ஒண்ணு சொல்லணும். அதுல ரெண்டு வாளிய நானே வூட்டுக்குள்ள எடுத்தாந்து சலிச்சேன்."

மேடையில் நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரி நிமிர்ந்தார்.

"நீங்களே கொண்டுபோனீங்களா? எதுக்கு?"

"பாலைவனம் செய்ய."

"என்னது?"

"பொம்ம டாங்கி சார். அது நிக்க மண்ணு வேணும்."

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை, பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். "எங்கேருந்து எடுத்தீங்க?"

"தெருவுல கெடந்துச்சு."

"தெருவுல எங்க? யார் கொட்டினது?"

அண்ணன் ஜனத்தின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "தெருவுல சார். அவ்ளோதான்."

"பாருங்க, ஜனங்களே எடுத்துட்டுப் போய் வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டா நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார் அதிகாரி மைக்கில்.

அப்போது பின்வரிசையிலிருந்து மீன் விற்கும் முத்தம்மா அக்கா எழுந்துவிட்டார். "யோவ், அந்த ஆளு ரெண்டு வாளி எடுத்தாந்தாரு, ஒத்துக்கினாரு. என் வூட்ல வாரா வாரம் ஒரு வாளி நான் கூட்டி வெளியே கொட்டுறேன். நான் இன்னா டாங்கியா வுடுறேன்? அதயும் எழுதிக்கோ!"

ஜனம் விசிலடித்தது, கை தட்டியது. அதன்பிறகு கூட்டம் ஒழுங்காக நடக்கவில்லை. ஆனால் அண்ணன் போட்டோவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். வெளியே வந்ததும் ஜெயவேல் அவன் சட்டையைப் பிடித்தான்.

"உன்ன எவன் கேட்டான்? அவனுங்க வாயில நீயே அல்வா ஊட்டிட்ட. எங்க அக்காவ ரெண்டாவது தபா கொன்னுட்ட மாமா."

அண்ணன் சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட முயலவில்லை. போட்டோவை வாங்கிக்கொண்டு ஜெயவேலே போய்விட்டான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, முத்தம்மா அக்கா சொன்னது சரிதானே என்று அண்ணனிடம் கேட்டேன்.

"அவங்களுக்கு சரி. அவங்க வூட்டுக்கு அது தானா வந்துச்சு. என் வூட்டுக்கு நான் கூப்புட்டு உக்கார வெச்சேன்."

உள்ளே நுழைந்ததும் மூலையில் கிடந்த சுத்தியலை எடுத்தான். உடைக்கட்டும் என்று நான் சும்மா நின்றேன். எனக்கும் அது இல்லாமல் போனால் தேவலை என்று இருந்தது. சுத்தியலை ஓங்கினான். அப்புறம் என்னைப் பார்த்தான், தையல் மெஷினைப் பார்த்தான், சுத்தியலை மெல்லக் கீழே வைத்தான்.

"ஒடச்சா தூசு கெளம்பும் மதி. நீ வெளிய போ."

நான் வெளியே போனேன். அவனும் வந்தான். இரண்டு பேரும் படியில் உட்கார்ந்திருந்தோம். குப்பையில் போட்டால் என்ன என்று கேட்டேன். "கொடுங்கையூர் குப்பமேட்டுக்குத்தான் போவும். அங்க கூட்டுறவன் மூக்குல ஏறும்," என்றான்.

மறுநாள் யார்டில் கேட்டுக் கொஞ்சம் வார்னிஷ் வாங்கி வந்தான். பிரஷ்ஷால் பூசினால் தூசி எழும் என்று துணியில் தோய்த்துச் சொட்டுச் சொட்டாக விட்டான். காய்ந்ததும் மறுபடி விட்டான். எத்தனை முறை என்று எனக்குத் தெரியாது. மேடு, பள்ளம், டாங்கி, ஆட்கள், டீ டம்ளர் எல்லாவற்றின் மேலும் கண்ணாடி மாதிரி இறுகிப்போனது. மாடல் செய்கிறவர்களுக்குப் பளபளப்பே ஆகாது. ஒரு துளி மினுமினுத்தாலும் பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். அவன் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து மங்க வைத்த பாலைவனம், பெருமழை பெய்து ஓய்ந்த இடம்போல ஆகிவிட்டது. அதன்பிறகு அவன் எந்த மாடலும் செய்யவில்லை. அண்ணியின் மெஷினுக்கு மாதம் ஒருமுறை எண்ணெய் போடுவான், அவ்வளவுதான். நான் போகும்போதெல்லாம் நல்ல பேச்சுப் பேசுவான், கடையில் என்ன விசேஷம் என்று கேட்பான். என் வீட்டுக்கு வந்துவிடு என்று எத்தனை முறை கூப்பிட்டும் வரவில்லை.

சென்ற மாசியில் யார்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, வீட்டைக் காலி செய்துகொடுக்கப் போயிருந்தேன். ஜெயவேல் வண்டியோடு வந்தான். சாவுக்கு வந்தவன் கூட்டத்தோடு நின்றுவிட்டுப் போயிருந்தான், உள்ளே வரவில்லை. இப்போது மெஷினைத் தூக்க ஒரு கை கொடுத்தான். திரும்பியபோது பலகையைப் பார்த்துவிட்டான்.

"இன்னா இது, தண்ணி ஊத்தி வெச்சாமாதிரி கீது?"

ஏன் அப்படி இருக்கிறது என்று சொன்னேன். சுத்தியலைப் பற்றியும் சொன்னேன். அவன் பலகையின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டான். நான் சாமான் கட்டிக்கொண்டிருந்தேன்.

"யார் கொட்டினதுன்னு அந்த ஆபீசர் கேட்டான் இல்ல," என்றான். "தெருவுலன்னு சொல்லிட்டாரு மாமா."

"ஆமா."

"அது நான் அடிச்ச லோடு."

நான் கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"மழை பேஞ்சா அக்கா வூட்டு வாசல்ல தண்ணி நிக்கும். மேடு பண்ணிக் குடுடான்னு அக்காதான் கேட்டுச்சு. மண்ணு வாங்க துட்டு எங்க? எல்லாரும் சாம்பல்தான் அடிப்பாங்க. நானும் வண்டி நெறைய ஏத்தியாந்து கொட்டினேன். பாதி பரப்பினேன், மீதி அங்கயே கெடந்துச்சு. அதுலேருந்துதான் மாமா அள்ளியிருக்காரு. வாளியிலதான் ரெண்டு. காத்துல வருஷம் பூரா வூட்டுக்குள்ள போனது எவ்ளோ?" மூக்கைத் துடைத்துக்கொண்டான். "மைக்கு முன்னாடி நிக்கிறப்ப மாமா என்ன ஒரு பார்வ பார்த்தாரு. சொல்லிடுவாருன்னு நெனச்சேன். சொல்லல. அது தாங்காமத்தான் வெளிய வந்து சட்டையப் புடிச்சேன்."

"இத அண்ணங்கிட்ட சொல்லியிருக்கலாமேடா."

"அவருக்குத் தெரியும். அவரு பார்க்கத்தானே கொட்டினேன்."

"தெரியும்டா. நீ வாயால சொல்லியிருந்தா? 'மாமா, உன்னுது ரெண்டு வாளி, என்னுது ஒரு லோடு'ன்னு?"

அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். எனக்கு அவன்மேல் கோபம் வர வேண்டும். வரவில்லை. அந்த ஒரு வரியை அண்ணனிடம் சொல்ல, கூட்டத்துக்குப் பிறகு ஜெயவேலுக்கு இரண்டு வருஷம் இருந்தது. சொல்லியிருந்தால் அண்ணன் ஒத்துக்கொண்டிருப்பான் என்றும் நான் நினைக்கவில்லை. அதற்கும் ஏதாவது சொல்லித் தன் பங்கைத் தானே எடுத்துக்கொண்டிருப்பான். ஆனால் படியில் உட்கார்ந்திருந்தபோது அவன் பக்கத்தில் இன்னொருவனும் உட்கார்ந்திருப்பான். தங்கச்சி என்பதால் நான் சொன்னதெல்லாம் அவனுக்கு ஆறுதலாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஆறுதல் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. கூட ஓர் ஆள் வேண்டியிருந்தது.

ஜெயவேல் எழுந்தான். பலகையை எனக்குக் கொடு என்று கேட்டான். என்ன செய்வாய் என்று நான் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்கி, ஆடாமல், மெல்ல அவன் வண்டியில் ஏற்றினோம்.